நாகர்கோவில் வழக்கறிஞர் ஒருவர் மின்திட்டக் கடன் சட்டப் பணிக்கு மாறலாமா?

தோவாளைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் நீதிமன்றங்களில் 9 ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகள் நடத்திவருகிறேன். வருமானத்தில் பாதிக்கு மேல், வங்கிகளின் பேனல் வழக்கறிஞராகப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்த்துச் சட்டக் கருத்து எழுதுவதிலிருந்தே வருகிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் காற்றாலை நிலங்களுக்கு நான் எழுதிய சில கருத்துகளைப் படித்த சென்னைச் சட்ட நிறுவனம் ஒன்று, காற்றாலை, சூரிய மின்திட்டங்களுக்கான கடன் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் தங்கள் பிரிவில் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறது. தொடக்கத்தில் தருவதாகச் சொல்லும் தொகை இப்போதைய வருமானத்தைவிடக் குறைவு. எனக்கு 34 வயது. அங்கே என்னோடு தொடங்கப்போகிறவர்கள் கல்லூரியிலிருந்து நேராக வந்தவர்களாக இருப்பார்கள். மூலப்பத்திரம் பார்க்கத் தெரிந்த ஒருத்திக்கு அந்த வேலையில் உண்மையான இடம் இருக்கிறதா, அல்லது கற்றதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

கடன்பத்திரம் (சென்னை, கடன் கொடுப்போர் தரப்பு வழக்கறிஞர்):

14 ஆண்டுகளாக இதே பணியில் இருக்கிறேன். வீட்டுக் கடனுக்கும் திட்டக் கடனுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். இங்கே கடன் வாங்குவது, அந்த ஒரு திட்டத்துக்காகவே தொடங்கப்பட்ட, வேறு வருமானமோ சொத்தோ இல்லாத ஒரு நிறுவனம். முதலாளியின் மற்றச் சொத்துகளைப் பெரும்பாலும் தொட முடியாது. ஆகவே இனி 15, 18 ஆண்டுகளுக்கு விற்கப்போகும் மின்சாரத்திலிருந்து வரும் பணம் ஒன்றையே நம்பி வங்கி கடன் கொடுக்கிறது. அந்தப் பணம் மின்வாரியத்திடமிருந்து புறப்பட்டு வங்கியின் கைக்கு வந்து சேரும் வழியில் எங்கெல்லாம் அடைப்பு வரக்கூடும் என்று முன்கூட்டியே பார்த்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பத்திரம் எழுதி வைப்பதே நம் வேலை. மின்கொள்முதல் ஒப்பந்தத்தில் கடன் தவறினால் கடன் கொடுத்தவர்கள் வேறொரு நிறுவனத்தை மாற்றி அமர்த்த இடமிருக்கிறதா, வருவாய் முழுவதும் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள கணக்குக்கு வருகிறதா, பங்குகள் அடகு வைக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவாய்க் காற்றில் பெரும்பகுதி வைகாசியிலிருந்து ஆவணி வரை வீசிவிடுவதால், தவணையை மாதாமாதம் சமமாகப் பிரித்துவிட்டு, காற்று குறைந்த மாதங்களுக்கான கையிருப்புக் கணக்கை மறந்துவிட்டால், நல்ல திட்டம்கூடத் தை மாதத்தில் தவணை தவறும்.

முதல் இரண்டு ஆண்டுகள் சலிப்பானவை என்பதை மறைக்க விரும்பவில்லை. பணத்தை விடுவிக்குமுன் நிறைவேற வேண்டிய முன்நிபந்தனைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு எந்த ஆவணம் வந்தது, எது வரவில்லை என்று தொலைபேசியில் கேட்பது, நிறுவனச் சட்டப்படி அடமானம் 30 நாளுக்குள் பதிவாகிவிட்டதா என்று பார்ப்பது போன்ற வேலைகள்தாம் முதலில் வரும். ஆனால் அந்தப் பட்டியலில் எப்போதும் கடைசிவரை இழுத்தடிப்பது நிலம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த திட்டக் கடன் விதிகளின்படி, அரசு–தனியார் கூட்டுத் திட்டங்கள், மின்கடத்தல் தடத் திட்டங்கள் போன்ற சில நீங்கலாக, மற்றவற்றுக்குத் தேவையான நிலத்தில் 75 விழுக்காடாவது கையில் இருந்தால்தான் பணத்தை விடுவிக்கலாம். எங்கள் அலுவலகத்தில் ஆங்கில ஒப்பந்தத்தின் காற்புள்ளிவரை திருத்தக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். அடங்கல் என்னும் கிராம நிலப் பதிவேட்டைப் படித்துவிட்டு 'இந்தப் பட்டா யார் பெயரில் நிற்கிறது' என்று உடனே சொல்லக்கூடியவர்கள் ஓரிருவர்தாம்.

சேருமுன் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக்கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 49ஆம் விதி. சட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் ரிடெய்னர் முறையில், அதாவது சம்பளமாக இல்லாமல் தொழிற்கட்டணமாகக் கொடுத்து, வைத்துக்கொள்வதால் சிக்கல் வருவதில்லை. பின்னாளில் ஒரு மின் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு மாறினால், சன்னதை, அதாவது வழக்கறிஞர் பதிவை, நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.

பழைய வங்கிக்காரர் (பாலக்காடு, ஓய்வு பெற்ற வங்கிச் சட்ட அலுவலர்):

தங்கைக்கு, முன்னவர் சொன்னது சரிதான், ஆனாலும் உங்கள் ஊர் நிலத்தைப் பற்றி அவர் போதிய அளவு சொல்லவில்லை. 1956 நவம்பர் 1 வரை தோவாளையும் அகஸ்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்தவை. அதனால் அங்கே மூலப்பத்திரத்தைத் தேடிப் போனால் கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுக் கணக்கு வரும், மலையாள எழுத்து வரும், ஸ்ரீபண்டாரவகை (கோயில் நிலம்) என்றும் ஸ்ரீபாதம் (அரச குடும்ப நிலம்) என்றும் நிலவகை வரும். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் மருமக்கள் வழி இருந்ததையும், 1926இல் வந்த சட்டம் அதை மாற்றியதையும், அதற்கு முன் மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு மட்டுமே இருந்ததையும் அறியாத ஒருவர், மாமன் சொத்து மருமகனுக்குப் போன பத்திரத்தைப் பார்த்தால் ஏதோ மோசடி என்றே நினைப்பார்.

நான் பணியில் இருந்தபோது அப்படி ஒன்று நடந்தது. வெளியூர் வழக்கறிஞர் ஒருவர் 1117 என்ற கொல்லம் ஆண்டை ஏதோ ஆவண எண் என்று எண்ணிக் கடந்துவிட்டார். அது 1941–42ஆம் ஆண்டுப் பாகப்பத்திரம். அதில் பங்கு பெற்ற ஒரு கிளையின் வாரிசுகள், காற்றாலைக்கு அடித்தளம் போட்டு முடித்த பிறகு வழக்குத் தொடுத்தார்கள். சமரசம் ஆகும்வரை கடனின் அடுத்த பகுதியை நாங்கள் விடுவிக்கவில்லை; இயந்திரம் வெயிலில் கிடந்தது.

இப்போது இந்த அறிவுக்கு மதிப்பு கூடியிருக்கிறது என்பதே என் எண்ணம். 1990களில் 100 விழுக்காடு தேய்மான வரிச் சலுகைக்காகத் துணிக்கடைக்காரரும் மில் முதலாளியும் ஆளுக்கொரு சிறிய காற்றாலை வாங்கிப்போட்டார்கள். அவற்றை அகற்றிப் பெரிய இயந்திரங்களை நிறுவுவதற்காகத் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. 250 கிலோவாட் இயந்திரங்கள் பல நின்ற இடத்தில் 2 மெகாவாட்டுக்கு மேற்பட்டது ஒன்று வர வேண்டுமானால், பல உரிமையாளர்களின் துண்டு நிலங்களும், இறந்துபோனவர்களின் வாரிசுகளும், பழைய பவர் பத்திரங்களும் ஒரே கூரைக்குக் கீழ் வர வேண்டும். இதைச் சென்னையில் உட்கார்ந்து செய்ய முடியாது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு போவதைவிட, ஊரிலேயே இருந்து அந்நிறுவனத்துக்கே நிலப் பணியைச் செய்துகொடுத்தால் என்ன?

சித்தூரான் (ஆந்திரத்தில் மின் ஒழுங்குமுறை வழக்குகள்):

பாலக்காட்டு ஐயாவின் கடைசிக் கருத்தை நான் ஏற்கவில்லை. நிலத்தோடு நின்றுவிட்டால் எப்போதும் நிலத்துக்கு மட்டுமே கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் நிலத்தில் குற்றம் இல்லாத திட்டங்களே ஆட்டம் கண்டன. 2019 ஜூலையில் ஆந்திர அரசு, கையெழுத்தாகிவிட்ட காற்று, சூரிய மின்கொள்முதல் விலைகளை மறுபேச்சுக்கு உட்படுத்தக் குழு அமைத்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்வரை காற்று மின்சாரத்துக்கு யூனிட் 2.43 ரூபாயும் சூரிய மின்சாரத்துக்கு 2.44 ரூபாயும் இடைக்காலமாகத் தரும்படி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். ஒப்பந்த விலையையே தர வேண்டும் என்று இருவர் அமர்வு தீர்ப்பளித்தது 2022 மார்ச்சில். இடையில் இரண்டரை ஆண்டுகள். ஒப்பந்த விலையை நம்பி வகுத்த தவணை அட்டவணை அவ்வளவு காலம் எப்படித் தாங்கும்? பத்திரத்தை எழுதுகிறவருக்கு மின்சாரச் சட்டம், மின் ஒழுங்குமுறை ஆணையம், அதன் மேல்முறையீட்டைக் கேட்கும் தீர்ப்பாயம் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டுகளில்தான் கற்றேன்.

அக்கா, நீங்கள் நீதிமன்றத்தில் வாதாடியவர். கல்லூரியிலிருந்து நேராக வந்தவருக்கு ஒரு பிரிவு எழுதத் தெரியும். அந்தப் பிரிவு நீதிபதி முன் என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். விலை நிர்ணயம், மாநில ஆணையத்தின் பணிகள் ஆகியவற்றைச் சொல்லும் மின்சாரச் சட்டத்தின் 62, 63, 86 ஆகிய பிரிவுகளையும், மின்கொள்முதல் ஒப்பந்தத்தை முறிப்பதைத் திவால் வழக்குகளைப் பார்க்கும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் தடுக்கலாமா என்பது பற்றி 2021இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய குஜராத் ஊர்ஜா தீர்ப்பையும் படித்துவிட்டுச் செல்லுங்கள்.

தோவாளைக்காரி:

மூவருக்கும் நன்றி. பாட்டி வீடு பாறசாலையில் இருந்ததால் மலையாளம் வாசிப்பேன். அதை ஒரு தகுதியாக இதுவரை எங்கும் எழுதியதில்லை. ரிடெய்னர் முறையில், மாதம் பத்து நாள் நாகர்கோவிலில் இருக்க அனுமதி கேட்கப்போகிறேன். ஓர் ஐயம் மீதம் இருக்கிறது. நான் முன்பு வங்கிக்குக் கருத்து எழுதிய நிலமே அந்நிறுவனத்தின் திட்டத்தில் வந்தால் என்ன செய்வது?

கடன்பத்திரம்:

சேரும் நாளிலேயே அந்த நிலங்களின் சர்வே எண் பட்டியலை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பு வந்தால் வேறொருவர் பார்க்கட்டும். உங்கள் பழைய கருத்தை நீங்களே சரிபார்க்கும் நிலை வரக்கூடாது. பத்து நாளுக்கு ஒப்புக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன், ஆனால் ஆனி ஆடியில் கேட்காதீர்கள். காற்று தொடங்குமுன் இயந்திரத்தை ஓடவிட வேண்டும் என்று எல்லாக் கோப்பும் ஒன்றாக வந்து விழும் மாசி, பங்குனியிலும் கேட்காதீர்கள்.