28 வாரம்: படுக்கையில் திரும்பினாலே கீழ் எலும்பு பிளக்கிற மாதிரி வலி, என்ன செய்யலாம்?

பூனைவால்:
எல்லாருக்கும் வணக்கம். முதல் குழந்தை, 28 வாரம் முடியப் போகுது. ரெண்டு வாரமா ஒரு வலி. வயித்துல இல்ல. வயித்துக்குக் கீழ நடுவுல ஒரு எலும்பு இருக்கே, சரியா அங்க. சில நாள் வலது பக்கம் முதுகு முடிஞ்சு குழி விழுற இடத்துலயும் சேந்து வலிக்குது. நடந்தா உள்ள 'டிக்'னு ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேக்குதா, பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்குதான்னு தெரியல.

பகலை எப்படியோ ஓட்டிடறேன். ராத்திரிதான் கொடுமை. ஒருக்களிச்சுதான் படுக்கணும்னு சொல்லியிருக்காங்க, ஒரு பக்கம் மரத்துப் போனா மறுபக்கம் திரும்பியாகணுமே. நேத்து ரெண்டு மணிக்கு பாத்ரூம் வந்துச்சு. எழுந்துக்கப் பயந்து பத்து நிமிஷம் சுவத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன்.

செக்கப்ல சொன்னதுக்கு "கர்ப்பத்துல இடுப்பு வலி சகஜம்மா"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. வெந்நீர்ப் பை வெச்சா கொஞ்ச நேரம் இதமா இருக்கு. வீடியோ பாத்து காலை அகட்டி உக்கார்ற பயிற்சி மூணு நாள் செஞ்சேன், அதுக்கப்புறம் இன்னும் மோசம். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? நார்மல் டெலிவரிக்கு இது தடையா? முக்கியமா, எப்படித் திரும்பிப் படுக்கறது?

மழைத்துளி:
எனக்கும் இருந்துச்சு சிஸ். எலும்பு விரிஞ்சு குழந்தைக்கு வழி விடுது, அவ்வளவுதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கோங்க, பிரசவத்தோட போயிடும்.

ரெண்டாம்சுற்று:
மழைத்துளி, கோவிச்சுக்காதீங்க. இந்த 'பொறுத்துக்கோ'வைக் கேட்டுதான் முதல் கர்ப்பத்துல நான் ரெண்டரை மாசம் வீணாக்கினேன். 36வது வாரம் பாத்ரூம் போகவே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். ரெண்டாவது தடவை வலி எட்டிப் பார்த்ததுமே பிசியோகிட்ட போயிட்டேன். வலி இருந்துச்சு, ஆனா கடைசி வாரம் வரைக்கும் என் வேலையை நானே பாத்துக்கிட்டேன்.

பூனைவால், அந்த அகட்டற பயிற்சியை இன்னையோட நிறுத்துங்க. நீங்க சொல்ற வலிக்கு ஆகவே ஆகாதது அதுதான்.

பேன்ட் எப்படிப் போடறீங்க? நின்னுக்கிட்டு ஒத்தைக் காலைத் தூக்கித்தானே? எனக்கு அங்கதான் பிடிபட்டுச்சு. ஒத்தைக் காலில் நிக்கற ஒவ்வொரு தடவையும் வலி. பேன்ட், செருப்பு, குளிக்கிற இடத்துல கால் தேய்க்கறது, கீழ கிடக்கற பொருளைக் காலால தள்ளறது. உக்காந்து போட ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே சாயங்கால வலி பாதியா குறைஞ்சுது.

அசைவு (பிசியோதெரபிஸ்ட்):
கர்ப்பிணிகளுக்கான பிசியோதெரபிதான் என் வேலை. நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படுக்கையில் திரும்பும்போது வலி, முன்னால் எலும்பு இணையும் இடத்தில் வலி, பின்னால் ஒரு பக்கம் வலி, 'டிக்' சத்தம் என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் இடுப்பு வளைய வலியோடு நன்றாகவே பொருந்துகிறது. ஏறத்தாழ 5 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறது. அடிக்கடி வருகிறது என்பதற்காக அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை.

இடுப்பு ஒரு வளையம். முன்னால் ஒரு மூட்டு, பின்னால் இரண்டு. முன் மூட்டில் எல்லோருக்குமே 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு, கர்ப்பத்தில் அது இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடும். ரிலாக்சின் என்ற ஹார்மோன் தசைநார்களைத் தளர்த்துவதால்தான் வலி என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. அந்த ஹார்மோன் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சுரக்கிறது, வலி சிலருக்குத்தான். மூன்று மூட்டுகளும் ஒரே சீராக அசையாமல் ஒன்று இறுகி மற்றொன்று கூடுதலாக அசையும்போது சுற்றியுள்ள தசைகள் திணறுகின்றன. முன்பு இடுப்பிலோ முதுகிலோ அடிபட்டவர்களுக்கும், சென்ற கர்ப்பத்தில் இதே வலி இருந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

குழந்தைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. வலி உங்களுக்கு மட்டும்தான்.

இனி, திரும்புவது. மல்லாந்து கிடந்து ஒரு காலை மட்டும் தூக்கிப் போட்டுத் திரும்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். நடுவில் தலையணையை வைத்து லேசாக அழுத்திப் பிடியுங்கள். சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி தோள், இடுப்பு, முழங்கால் மூன்றையும் ஒரே நேரத்தில் உருட்டுங்கள், மரக்கட்டை உருள்வதுபோல. இடுப்புக்குக் கீழே வழுவழுப்பான துணி ஒன்றை விரித்துக்கொண்டால் இன்னும் சுலபம். ஒருக்களித்த பிறகு தலையணை முழங்காலோடு நின்றுவிடக் கூடாது, கணுக்கால் வரை தாங்க வேண்டும். பாதம் தொங்கினால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும்.

எழுவதும் அப்படித்தான். ஒருக்களித்து, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள்.

நாலாம்மாடி:
எங்க வீட்டுல லிஃப்ட் கிடையாது. படிக்கு என்ன வழி? அப்புறம் பூனைவால், தசைப்பிடிப்புக்குத் தடவற வலி ஜெல் ஒண்ணு இருக்கு, ராத்திரி தடவிட்டுப் படுங்க, உடனே கேக்கும்.

அசைவு (பிசியோதெரபிஸ்ட்):
ஜெல் வேண்டாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பலவற்றில் இருப்பது டைக்ளோஃபெனாக் போன்ற மருந்து. தோல் வழியாகவும் கொஞ்சம் உள்ளே போகும். இந்த வகை மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் எச்சரித்தது. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம் என்பதுதான் காரணம். இப்யூப்ரூஃபனும் இதில் அடக்கம். வலி தாங்கவில்லையென்றால் பாராசிட்டமால் எடுக்கலாமா, எவ்வளவு என்று உங்கள் டாக்டரையே கேளுங்கள்.

படிக்கு வழி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு படிதான். ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலி கூடிய கால் முதலில், மற்றக் காலும் அதே படிக்கு வந்து சேரட்டும். கைப்பிடியை விடாதீர்கள். மேலே ஏறினால் என்னென்ன வேலை என்று முன்பே யோசித்து ஒரே தடவையில் முடியுங்கள்.

ரெண்டாம்சுற்று:
காரும் அப்படித்தான். முதல்ல பக்கவாட்டுல சீட்டுல உக்காந்து, ரெண்டு முழங்காலையும் ஒட்ட வெச்சு மொத்தமா திருப்பணும். நான் சீட்டுல ஒரு பிளாஸ்டிக் கவரை விரிச்சுக்குவேன், வழுக்கிக்கிட்டுத் திரும்பிடலாம். பாக்கறவங்க சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும்.

வெள்ளைக்காக்கை:
அப்போ முழுசா பெட் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடாதா? என் மாமியார் அதைத்தான் சொல்றாங்க.

அசைவு (பிசியோதெரபிஸ்ட்):
ஆகாது. படுத்தே கிடந்தால் இடுப்பைத் தாங்கும் தசைகள் இன்னும் தளரும், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். வலிக்காத அளவுக்கு நடமாட்டம், நடுநடுவே ஓய்வு. 40 நிமிடம் ஒரே மூச்சாக நடப்பதை 10 நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தள்ளுவது, இழுப்பது, ஒரு பக்க இடுப்பில் பிள்ளையைச் சுமப்பது, சம்மணம், கால் மேல் கால் எல்லாம் வேண்டாம். நீச்சல் பழக்கம் உண்டென்றால் நல்லது, ஆனால் தவளைபோல் காலை அகட்டி உதைக்கும் முறை கூடாது.

இடுப்புப் பெல்ட் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. பெரும்பாலானவர்கள் அதை வயிற்றில் கட்டிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். அது வயிற்றுக்குக் கீழே, தொடை எலும்பு பக்கவாட்டில் புடைத்திருக்கும் மட்டத்தில் வர வேண்டும். நடக்கும்போதும் நிற்கும்போதும் போடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் இடுப்பு வலியின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ரத்தமோ நீரோ கசிவது, வயிறு விட்டு விட்டு இறுகுவது, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், குழந்தையின் அசைவு குறைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இரண்டு தொடைகளுக்கும் இடையே மரத்துப் போவது, சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போவது: இதில் எது வந்தாலும் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பூனைவால்:
அந்த லிஸ்ட்ல எதுவும் இல்ல. அசைவு தாராளமா இருக்கு, விலாவுலதான் உதைக்கறான்(ளா). எல்லாருக்கும் நன்றி. பிசியோகிட்ட அனுப்புங்கன்னு இந்தத் தடவை நானே கேக்கப் போறேன். டெலிவரி பத்திதான் இன்னும் பயம் போகல.

ரெண்டாம்சுற்று:
எனக்கு ரெண்டும் நார்மல்தான். பிசியோ ஒரு வேலை செய்யச் சொன்னாங்க. கட்டில் ஓரத்துல உக்காந்து, வலி ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் முழங்காலை மெல்ல விரிச்சு, நடுவுல டேப் வெச்சு அளந்து, அந்த நம்பரை ஃபைல் மேல பெருசா எழுதி வெச்சேன். பிரசவ அறையில அதைத் தாண்டி காலை அகட்டக் கூடாதுன்னு அர்த்தம்.

அசைவு (பிசியோதெரபிஸ்ட்):
சரியாகச் சொன்னீர்கள். முதுகில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்தால் இது இன்னும் முக்கியம். வலி தெரியாததால் எல்லையைத் தாண்டுவதும் தெரியாது. மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்தோ, முழங்கால் ஊன்றிக் கையில் சாய்ந்தோ பிரசவிப்பது இடுப்புக்கு இதம். இரண்டு காலையும் தூக்கி வைக்க வேண்டி வந்தால் ஒரே நேரத்தில் தூக்கச் சொல்லுங்கள். இந்த வலிக்காக மட்டும் சிசேரியன் பொதுவாகத் தேவைப்படாது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் நின்றால் சும்மா இருக்காமல் மறுபடி காட்டுங்கள்.

பூனைவால்:
பதினோரு நாள் கழிச்சு வரேன். பிசியோ படுக்க வெச்சு ஒவ்வொரு காலா நேரா தூக்கச் சொன்னாங்க. வலது கால் ஈயம் கட்டின மாதிரி, கட்டிலை விட்டு எழும்பவே இல்ல. அவங்க ரெண்டு பக்க இடுப்பையும் கையால சேர்த்து அமுக்கிப் பிடிச்சதும் அதே கால் எழும்பிடுச்சு! எனக்கு அழுகையே வந்துடுச்சு. பெல்ட் கொடுத்திருக்காங்க, நாலு சின்னப் பயிற்சியும்.

வலி முழுசா போகல. படி இன்னும் கஷ்டம்தான், சாயங்காலம் ஆனா இழுக்குது. ஆனா ராத்திரி திரும்பறேன். பழைய பாலியஸ்டர் துப்பட்டா ஒண்ணை இடுப்புக்குக் கீழ விரிச்சிருக்கேன், சறுக்கிக்கிட்டு நேத்து மூணு தடவை திரும்பினேன். அளவு 38 சென்டிமீட்டர், ஃபைல்ல எழுதியாச்சு.

மழைத்துளி, உங்களுக்கு இப்போ எப்படி இருக்கு?

மழைத்துளி:
கேட்டீங்களே. குழந்தைக்கு ஏழு மாசம் ஆகுது, எனக்கு இன்னும் ஒத்தைக் காலில் நின்னா வலிக்குது. திங்கக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன்.