ஊரே வாக்களித்துக் குடியுரிமை கொடுப்பதுதான் சனநாயகமா?

வடலி:
நான் இருப்பது சுவிஸில். வேலையிடத்தில் ஒருவர், "முந்தி வெளிநாட்டவருக்குக் குடியுரிமை கொடுக்கிறதா இல்லையா என்று ஊரே வாக்குப் போடும், இப்போது நாலு பேர் குழு முடிவு செய்கிறது, சனநாயகமே போய்விட்டது" என்கிறார். இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரை:
எம்மென் ஊரைச் சொல்லுங்கள். 2000 மார்ச்சில் அங்கே 56 பேருக்காக வாக்கெடுப்பு நடந்தது, தேறியது 8 பேர், எட்டுப் பேருமே இத்தாலியர்கள். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஒருவர்கூட இல்லை. 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம், காரணம் சொல்லாமல் ஒருவரை நிராகரிக்கக் கூடாது, இரகசிய வாக்கெடுப்பில் காரணம் சொல்லவே வழியில்லை என்று தீர்ப்பளித்தது.

நிலவன்:
ஆராய்ச்சி இருக்கிறது. ஹைன்முல்லர், ஹங்கார்ட்னர் என்ற இருவர், இப்படி வாக்கெடுப்பு நடத்திய 44 ஊர்களின் பழைய விண்ணப்பங்களைத் தோண்டினார்கள். அப்போது வாக்காளர் வீட்டுக்கு வரும் துண்டறிக்கையில் விண்ணப்பதாரரின் வயது, படிப்பு, பிறந்த நாடு, மொழியறிவு எல்லாம் இருக்கும். படிப்பும் மொழியும் ஒன்றாகவே இருந்தாலும், துருக்கி, யூகோஸ்லாவியா என்றால் மேற்கு ஐரோப்பியரைவிட 'வேண்டாம்' வாக்கு ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல். ஜெர்மன் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் பிறந்த நாடுதான் முடிவு செய்தது.

வடலி:
நன்றி அண்ணா. அப்புறம் குழுவிடம் போனதும் மாறியதா?

நிலவன்:
நன்றாகவே மாறியது. சுமார் 1,400 ஊர்களை வைத்துப் பார்த்தபோது, முடிவு மக்கள் பிரதிநிதிகள் கைக்குப் போனதும் குடியுரிமை பெறுவோர் விகிதம் 60 சதவீதம் ஏறியிருக்கிறது, அதுவும் வெளிநாட்டவர் மேல் வெறுப்பு அதிகமுள்ள ஊர்களில்தான் ஏற்றம் கூடுதல். அங்கே சனங்களின் மனம் ஒன்றும் திடீரென்று இளகிவிடவில்லை. வாக்குப் பெட்டியில் 'இல்லை' என்று போடுகிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, ஆனால் குழுவில் இருப்பவர் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், அதை வைத்து வழக்கும் போடலாம், 'துருக்கிக்காரர், அதனால் வேண்டாம்' என்று எந்தக் குழுவாலும் எழுத முடியாதே!

செம்பருத்தி:
குழுவிலும் அதே ஊர்க்காரர்கள்தானே? என் அக்காவின் நேர்காணலில் சுற்றுவட்டாரத்து மலைகளின் பெயரெல்லாம் கேட்டார்கள், இங்கேயே பிறந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத பெயர்கள்.

நிலவன்:
உண்மைதான், சகோதரி. ஆனால் அக்காவை மறுத்திருந்தால் அந்த மலைப் பெயரையே காரணமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அதைக் காட்டி நீங்கள் மேல்முறையீடு செய்திருக்கலாம். எம்மெனில் தோற்றவர்கள் கையில் அன்று அப்படி ஒரு கடிதம்கூட இல்லை.