டெவிலும் நம்ம ஊர்ப் பேயும் ஒரே ஆளா?

மஞ்சுமலை டிரைவர்:
கொடைக்கானல்ல டூரிஸ்ட் வண்டி ஓட்டுறேன். குணா குகைக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேரு டெவில்ஸ் கிச்சன்னு சொன்னாப் போதும், "எந்தப் பிசாசுண்ணே?"ன்னு வண்டியே கேக்க ஆரம்பிச்சிடும். நான் சொல்ற பதில் ஒண்ணுதான். சாத்தான், லூசிபர், பெயெல்செபூல், இப்லீஸ், நம்ம முனி, கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் ஒரே ஆளு. ஊருக்கு ஊர் பட்டப்பேரு. இதுக்குப் போய் ஒருத்தர் சண்டைக்கு வந்துட்டாரு. இதுல என்ன தப்புங்கிறேன்?

செண்பகனூர் ஜோ:
முனியை இழுத்ததே தப்பு தம்பி. முனிக்குக் கோயில் உண்டு, கெடாவெட்டு உண்டு, ஊர்க்காவல் வேலை உண்டு. சாத்தானுக்கு எவன் பொங்கல் வைக்கிறான்?

அடுத்தது, நீங்க சொன்னதுல பாதி, ஆளோட பேரே கிடையாது. பைபிள்ல யோபு புத்தகத்துல சாத்தான் தேவபுத்திரரோட சேர்ந்து கர்த்தர் முன்னாடி வந்து நிக்கிறான். எபிரேயத்துல அங்க அது ஒரு பதவி: குற்றஞ்சாட்டுகிறவன். லூசிபர் இன்னும் வேடிக்கை. ஏசாயா 14ல "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே"ன்னு பாபிலோன் ராஜாவைக் கிண்டல் பண்ற இடம் அது. விடிவெள்ளிக்கு லத்தீன்ல லூசிபர். 4ஆம் நூற்றாண்டுல சார்டீனியாவுல அதே பேர்ல ஒரு பிஷப்பே இருந்தார்!

பண்ணைக்காட்டுப் பேரன்:
ஜோ அண்ணே, நீங்க ஏட்டைப் பாக்குறீங்க, சனம் என்ன பண்ணுதுன்னு பாக்கல. பேர் ஏன் இத்தனை வந்துச்சு? பயம். எங்க அப்பத்தா பொழுது சாஞ்சா பாம்புன்னு சொல்லாது, "பூச்சி"ன்னுதான் சொல்லும். பேய்னு சொல்லாது, "காத்து கருப்பு" அல்லது வெறும் "அது". இங்கிலீஷ்காரன் ஓல்ட் நிக், ஓல்ட் ஸ்க்ராட்ச்னு சுத்தி வளைச்சதும் இதே கதைதான். நேர்ப்பேரைச் சொன்னா வந்து நின்னுடுவானாம். பயம் ஒண்ணு, அதனால ஆளும் ஒண்ணு. டிரைவர் அண்ணன் பக்கம் நான்.

வத்தலக்குண்டு பாய்:
அந்தக் கணக்கு எங்ககிட்ட செல்லாது பேராண்டி. நாங்க குர்ஆன் ஓத உக்காந்தா, விரட்டப்பட்ட ஷைத்தானை விட்டு அல்லாஹ்கிட்ட பாதுகாவல் தேடுறேன்னு பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்போம். ஹஜ்ஜுக்குப் போனா மினாவுல ஷைத்தானைக் குறிக்கிற தூண் மேல கல்லே எறியிறோம். பயந்து மறைக்கிற பழக்கம் எங்க இருக்கு?

இன்னொண்ணு. இப்லீஸ்ங்கறது ஒருத்தன் பேரு. ஷைத்தான்ங்கறது வகை, மனுஷன்லயும் உண்டுன்னு குர்ஆன்லயே வருது. ஆதமுக்குச் சிரம்பணிய மாட்டேன்னு நின்னவன் இப்லீஸ். அவன் ஜின் இனம்னு 18ஆம் அத்தியாயம் சொல்லுது. ஜோ வீட்டுக் கதையில அவன் விழுந்துபோன தேவதூதன். பொறப்பே வேற வேறயா இருக்கே, எப்படி ஒரே ஆளு?

ஏரிக்கரை:
சாத்தான்ங்கறதே நம்ம சாத்தன்தான் 😀

செண்பகனூர் ஜோ:
சீத்தலைச் சாத்தனாரைத் தூங்க விடுங்கப்பா. ஓசை ஒத்துப்போனா சொந்தக்காரனா?

பேரன், பயம் மட்டுமில்ல, நக்கலும் பேர் வைக்கும். பெயெல்செபூலுக்கு மூலம் எதுன்னு தேடினா எக்ரோன் ஊர் பாகால்சேபூல போய் நிக்கும். இஸ்ரவேலுக்குப் பக்கத்து நாட்டு பெலிஸ்தியர் கும்பிட்ட சாமி. இஸ்ரவேல் ராஜா அகசியா மேல்வீட்டுல இருந்து விழுந்து படுத்தப்போ, பிழைப்பேனான்னு கேக்க அந்தச் சாமிகிட்டதான் ஆள் அனுப்பினான். பைபிள் எழுதினவங்க "ஈக்களின் தலைவன்"னு அர்த்தம் வர்ற மாதிரி அந்தப் பேரை நக்கலா மாத்தி எழுதி வெச்சாங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க பலர் சொல்றாங்க. புதிய ஏற்பாட்டுக்கு வர்றப்ப அவர் பிசாசுகளுக்கே தலைவர்.

பண்ணைக்காட்டுப் பேரன்:
மாட்டுனீங்களா! அடுத்த ஊர்ச் சாமி நம்ம ஊருக்கு வந்தா பிசாசு. 19ஆம் நூற்றாண்டு மிஷனரிங்க எழுதினதை எடுத்துப் பாருங்க, மாடன், காட்டேரி கும்பிட்ட சனத்துக்கெல்லாம் "டெவில் வொர்ஷிப்"னு ஒரே முத்திரை. இன்னைக்கு டிரைவர் அண்ணன் முனியை லூசிபரோட சேர்க்கிறார்னா அந்த வேலைதான் இன்னும் நடக்குது. (ஆமா, நான் அவர் பக்கம்தான். இந்த ஒரு விஷயத்துல மட்டும் இல்ல.)

செண்பகனூர் ஜோ:
அது நடந்தது உண்மை, பூசி மெழுக மாட்டேன். பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புல தலைவனும் பிசாசு, அவனோட படையும் பிசாசு. அதனால ஊர்ப் பேயெல்லாம் ஒரே பட்டியல்ல ஏறிடுச்சு. எங்க கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பு தலைவனை அலகைன்னும் மத்ததைப் பேய்னும் பிரிச்சுது. அலகை குறள்லயே இருக்கு: "வையத்து அலகையா வைக்கப் படும்." அங்க அதுவும் சும்மா பேய்தான், ஆனா பேச்சுவழக்குல இல்லாததால புதுசாப் புழங்கிக்கலாம்.

தாண்டிக்குடி டீச்சர்:
குகையையே எல்லாரும் மறந்துட்டீங்க. அதுக்கு டெவில்னு பேர் வந்ததுக்கு எந்தப் பேயும் காரணமில்ல. மனுஷக் கையால ஆகாததுன்னு தோணினா இங்கிலீஷ்காரன் அதை டெவில் கணக்குல எழுதிடுவான். சசெக்ஸ் பள்ளத்தாக்கு டெவில்ஸ் டைக், யார்க்ஷயர்ல நட்டுவெச்ச மூணு கல்லு டெவில்ஸ் ஆரோஸ், வில்ட்ஷயர் கல்திட்டை (பெரிய கல்லை நிறுத்தி மேல பலகைக்கல் மூடின பழங்காலக் கட்டுமானம்) டெவில்ஸ் டென். 1821ல வார்டுங்கற வெள்ளைக்கார சர்வேயர் இந்த மலையை அளந்ததுக்கப்புறம் ஏறி வந்தவங்க அந்தப் பழக்கத்தையும் மூட்டையில கட்டிட்டு வந்தாங்க.

நம்மாளு அதே இடத்துல பாண்டவரைப் போடுவான். எங்க பக்கத்துக் கல்திட்டை மாதிரி உள்ளதுக்குத் தமிழ்நாட்டுல பல ஊர்ல பாண்டவர் வீடுன்னுதான் பேரு. பழனிமலைக் கல்திட்டைகளைப் பத்தி செண்பகனூர் பாதிரியார் ஆங்லாட் எழுதினது 1928லயே தொல்லியல் துறை வெளியீடா வந்திருக்கு. குணா குகையிலயும் பாண்டவர் சமைச்சதா ஒரு கதை உண்டே. அடுப்பு ஒண்ணு, அவனுக்கு டெவில், நமக்கு பீமன். அப்ப டெவில்னா பீமனா டிரைவர் சார்?

மஞ்சுமலை டிரைவர்:
டீச்சர், பீமன்னு சொன்னா ஒருத்தனும் வண்டியை விட்டு இறங்க மாட்டான். டெவில்தான் எனக்குச் சோறு போடுது.

வத்தலக்குண்டு பாய்:
சோறு போடுறது 1991ல வந்த குணா படம். டெவிலுக்கு ஏன் கமிஷன் குடுக்கிறீங்க?

மஞ்சுமலை டிரைவர்:
சரி பாய், முனியை மட்டும் லிஸ்ட்ல இருந்து எடுத்துடறேன், இல்லேன்னா பேரன் ஊர்ச் சவாரி போயிடும். மத்த எல்லாரும் ஒரே ஆளுதான், அதுல மாத்தமில்ல.