கொழிஞ்சாம்பாறை வீடு

கயல்: பெனகில் குகைக்குப் போய்விட்டு இப்போதுதான் அறைக்குத் திரும்பினேன். போர்ச்சுகலின் தென்கரை, அல்கார்வ் பகுதி. படங்கள் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

அம்மா: பார்த்தேன். கடலுக்குள்ளா போனாய்? நீச்சல் தெரியாதவள்!

கயல்: உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தேன் அம்மா. தரைவழி கிடையாது. வழிகாட்டியோடு கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் போனோம்.

கதிர்: அக்கா, உள்ளே மணலில் நின்று எடுத்த படம் எங்கே?

கயல்: இறங்கக் கூடாது என்று 2024 முதல் தடை இருக்கிறது. நீந்திப் போவதற்கும் தடை. உட்கார்ந்தபடியே பார்த்தேன். கூரையில் நம் தோட்டத்துக் கிணறு போல வட்டமாக ஒரு திறப்பு. அதன் வழியே வெயில் இறங்கி மணலில் வட்டமாகக் கிடந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பது போலவே இருந்தது.

அத்தை: அத்தனை பெரிய கூரை எப்படி உடைந்தது?

சுந்தரம் மாமா: கரைந்தது பாதி, உடைந்தது பாதி. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிவிடும். விரிசல் வழியே இறங்கிச் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கீழே அலை குடைந்துகொண்டே இருக்கும். கூரை மெலிந்ததும் தன் எடையைத் தானே தாங்காமல் விழுந்துவிடும். கயல், மேலே விளிம்புக்குப் போனாயா?

கயல்: வேலி போட்டிருக்கிறார்கள் மாமா. வெளியே நின்றுதான் பார்த்தேன்.

சுந்தரம் மாமா: நல்லது கண்ணு. அதே அல்கார்வ் கரையில், அல்புஃபெய்ரா பக்கம், 2009-இல் பாறை சரிந்து 5 பேர் இறந்தார்கள். சில நேரம் கல் ஒரு சத்தமும் கொடுக்காமல் வந்துவிடும். குவாரியில் பார்த்தவன் சொல்கிறேன்.

அம்மா: உன் முகம் தெரிகிற படம் ஒன்றாவது அனுப்பு.

சுந்தரம் மாமா: எனக்குச் சுவர் தெரிகிற படம். கல்லைக் கிட்டத்தில்.

கயல்: 📷

சுந்தரம் மாமா: சிப்பி! பெரிதாக்கிப் பார்த்தேன். விசிறி மடிப்பு மாதிரி வரிகூட அழியவில்லை.

கயல்: சுவர் முழுக்க அப்படித்தான் மாமா. மயோசீன் காலத்தில், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, கடலடியில் படிந்த கல் என்றார் வழிகாட்டி.

சுந்தரம் மாமா: வாளையார்ப் பண்டாரத்து மலையில் 30 வருடம் சுண்ணாம்புக்கல் வெட்டினேன். அது பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் படிகமாகிப்போன கல். ஒரு சிப்பிகூட என் கண்ணில் பட்டதில்லை. இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அத்தை: சோறு ஆறுகிறது. கைபேசியைக் கீழே வைக்கவே மாட்டேன் என்கிறார்.

சுந்தரம் மாமா: கண்ணு, அந்தச் சிப்பிக்குப் பக்கத்தில் சின்னத் துளை ஒன்று தெரிகிறதே, அதையும் கிட்டத்தில் எடுத்திருக்கிறாயா?