நல்லர்பார் சாலையில் எதிர்ப்பட்டவர்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மனில் கிளம்பி தெற்கு ஆஸ்திரேலியாவின் செடுனா வரை, நல்லர்பார் என்ற வறண்ட சமவெளியைக் கடக்கும் ஏர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தேன். வழியில் பெரும்பாலும் ரோட்ஹவுஸ்கள்தான். பெட்ரோல், சாப்பாடு, படுக்கை மூன்றும் அங்கேயே. முதல் ரோட்ஹவுஸான பல்லடோனியாவுக்கே 190 கிலோமீட்டர். பாம்பைப் பற்றியும் டிங்கோ என்ற காட்டுநாயைப் பற்றியும் எல்லாரும் கேட்கிறார்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. மனிதர்களைப் பற்றி நிறைய இருக்கிறது.

முதலில் ரோட் டிரெயின், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட டிரெய்லர்களை இழுக்கும் லாரி, ஓட்டுநர்கள். மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அந்த லாரிகளுக்கு. அவர்களுக்குச் சைக்கிள்காரர்களைக் கண்டால் ஆகாது என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். பல்லடோனியாவில் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு ஓட்டுநர் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். "உன்னை நேற்றே தெரியும், மேட். மஞ்சள் சட்டைக்காரன் ஒருத்தன் கிழக்கே போகிறான் என்று ரேடியோவில் 40ஆம் சேனலில் சொல்லிக்கொண்டே வந்தார்கள்" என்றார். அப்போதுதான் புரிந்தது, முந்தின நாள் முழுக்க பின்னால் வந்த லாரிகளெல்லாம் ஏன் அவ்வளவு முன்னதாகவே விலகிப் போயின என்று. ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "எதிரிலும் வண்டி, பின்னாலும் வண்டி என்றால் யோசிக்காதே, சரளையில் இறங்கிவிடு. சுமையோடு வரும்போது என்னால் சட்டென்று நிறுத்தவும் முடியாது, ஒடிக்கவும் முடியாது." கைப்பிடியில் பின்னால் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்ததால் அதைக் கடைசி வரை கடைப்பிடிக்க முடிந்தது. இறங்கி நின்ற ஒவ்வொரு முறையும் ஹாரன் அடித்துக் கை காட்டிவிட்டுப் போனார்கள். இந்தப் பாதைக்குப் போகிறவர்கள் தலைக்கவசத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணாடி வாங்குங்கள்.

பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. மேற்கிலிருந்து கிழக்கே போனால் காற்று பெரும்பாலும் முதுகில் என்பார்கள். அன்று முகத்தில் அடித்தது. வேகம் குறைந்தால் கணக்குப் போட்டு எடுத்துவந்த தண்ணீரும் போதாமல் போகும். அங்கே ஒரு வழக்கம் உண்டு: காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினால் வண்டி நிற்கும். நான் காட்டிய முதல் கேரவனே, அதாவது கார் இழுத்துவரும் வீட்டு வண்டியே, நின்றது. ஓய்வுபெற்ற தம்பதி. அந்த அம்மா என் பாட்டில்கள் அனைத்தையும் நிரப்பிவிட்டு, நான் ஒரு குவளை குடித்து முடிக்கும் வரை நகரவே இல்லை. ரோட்ஹவுஸில்கூட நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடான நாட்டில் அது எவ்வளவு பெரிய கொடை!

தெற்கு ஆஸ்திரேலிய எல்லையைத் தாண்டிய பிறகு வேறு அதிர்ஷ்டம். மேற்கே போகிறவர்கள் எல்லையிலுள்ள பார்டர் வில்லேஜில், பயிர்ப்பூச்சியும் நோயும் பரவாமல் தடுக்கும் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். அதனால் எதிரே வந்த கேரவன்காரர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்தி ஆப்பிளும் ஆரஞ்சும் கொடுத்தார்கள். கிழக்கே போகிற எனக்குச் செடுனா சாவடி வரை தடையில்லை. நாள்கணக்காக நூடுல்ஸும் ஓட்ஸும் தின்ற வாய்க்கு அந்த ஆரஞ்சு!

1896இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் இதே நாட்டைச் சைக்கிளில், தந்திக் கம்பியை ஒட்டியே, சின்ன மூட்டையும் ஒரு தண்ணீர்ப் பையுமாகக் கடந்து, மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியிலிருந்து 31 நாளில் அடிலெய்டு சேர்ந்தார். தார்ச்சாலை இல்லை, கேரவன் இல்லை. ஓய்விடங்களின் மழைநீர்த் தொட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவர் நினைப்புதான் வந்தது. தொட்டியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், காலியாக இருப்பதும் உண்டு.

அடுத்து தெற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலுள்ள ஊட்னடட்டா டிராக் என்ற பாதையில் போக ஆசை. மாரியிலிருந்து வில்லியம் கிரீக் வரை மண்சாலையில் 200 கிலோமீட்டர். அங்கே வண்டிப் போக்குவரத்து குறைவு. யாராவது மிதித்திருந்தால் சொல்லுங்கள்: நாளுக்கு எத்தனை லிட்டர் சுமந்தீர்கள், வழியில் யார் நிறுத்தினார்கள்?