தேனீ உருண்டையைக் கலைச்சது தப்பா?

தட்டோன்காரன்:
பாக்கு மரத்தடியில ரெண்டு பெட்டி வச்சிருக்கேன். அடுக்குத் தேனீ, இத்தாலியன் இல்ல. ஒரு வாரமா ஒரு கதண்டு, அதான் பெரிய குளவி, வாசலுக்கு எதிர அந்தரத்துல நின்னு, திரும்பி வர்ற தேனீயைத் தூக்கிட்டுப் போவுது. நேத்து துணிஞ்சு பலகையிலயே எறங்கிடுச்சு. எங்க இருந்துதான் வந்துச்சுங்களோ, நூத்துக்கணக்குல பாஞ்சு எலுமிச்சம்பழம் கணக்கா ஒரே உருண்டை! தங்களுக்குள்ளயே அடிச்சுக்குதுங்கன்னு நெனச்சு வெளக்குமாத்துக் குச்சியால கலைச்சேன். உள்ள இருந்து கதண்டு உயிரோட வந்து என் கழுத்துல போட்டுட்டுப் போச்சு. வீட்டுக்காரி தனக்கா மரப்பட்டையை அரைச்சு எனக்குப் பூசிட்டு இன்னும் சிரிக்கிறா. அந்த உருண்டைக்குள்ள என்னதான் நடக்குது? கொட்டுதுங்களா?

மௌல்மீன் டீச்சர்:
கொட்டல தம்பி, அவிக்குதுங்க. சிறகை அடிக்காம, பறக்கிற தசையை மட்டும் நடுக்கிச் சூடு ஏத்தும். ஜப்பான்ல இருக்கிறதும் நம்ம அடுக்குத் தேனீ இனம்தான். அங்க அளந்து 1995ல வெளியிட்டாங்க: உருண்டைக்குள்ள 47 டிகிரி. கதண்டு 44-46லயே செத்துரும், தேனீ 48-50 வரை தாங்கும். அந்த ரெண்டு மூணு டிகிரியிலதான் கூட்டமே பிழைக்குது. அத்தனையும் விடுற மூச்சு உள்ள அடைஞ்சு கிடக்கிறதும் கதண்டுக்கு எமன். நீங்க குச்சியை விட்டதும் சூடு ஆறிப்போச்சு. ஒண்ணு மனசைப் பிசையும்: உருண்டையில சேர்ந்த தேனீக்கு ஆயுசு குறையுதாம். அடுத்த தடவையும் அதுங்கதான் முன்னால போகுதாம்.

ஷான்மலைப் பெட்டிக்காரன்:
அண்ணே, உங்களுக்குக் கொடுப்பினை. என்கிட்ட இருக்கிறது பூரா இத்தாலியன். தேன் நல்லா தரும், இந்த வித்தை மட்டும் அதுக்குச் சரியா வராது. ஒண்ணொண்ணா வெளிய வந்து சண்டை போட்டுச் சாகும். மழை விட்டதுலேர்ந்து நானே பேட்மிண்டன் மட்டையோட காவல். வாசலைத் தேனீ மட்டும் நுழையற அளவுக்குச் சின்னதாக்கிடுங்க.

பெகு பையன்:
எங்க இலவ மரத்துல மலைத்தேனீ கூடு தொங்குது. கதண்டு கிட்ட வந்தா, மேல இருக்கிற தேனீங்க வரிசையா வாலைத் தூக்கி எறக்கும், கூடு முழுக்க அலை ஓடும். அதைப் பார்த்தே கதண்டு திரும்பிடும். கீழ நின்னு பார்க்கிற எனக்கே வயித்தைக் கலக்கும்.

தட்டோன்காரன்:
டீச்சர், இன்னிக்குக் காலையில மறுபடி உருண்டை. கையைக் கட்டிக்கிட்டு எட்டி நின்னேன். கொஞ்ச நேரத்துல தானா அவிழ்ந்துச்சு, கதண்டு காலை மடக்கிக் கீழ விழுந்துச்சு. இப்ப எறும்பு இழுத்துட்டுப் போவுது.