சுற்றளவு 6 அடி, நீளம் 18 அடி: தேக்குக் கட்டைக் கணக்கு ஏன் உதைக்கிறது?

யாங்கோன் சித்தப்பா:

வணக்கம். அண்ணன் மகளுக்குப் பட்டகம், உருளை பாடம் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழி, வீட்டில் நான் தமிழில். அடிப்பரப்பு × உயரம் என்ற சூத்திரம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஊர்ப் பொருள்களை வைத்து நான் எழுதிக் கொடுத்த மூன்று கணக்கும் உதைக்கிறது.

ஒன்று, சிமென்ட் உறைத் தொட்டி. உள்விட்டம் 3 அடி, தண்ணீர் 4 அடி. 113 கன அடி வருகிறது. தொட்டியைப் பார்த்தால் அவ்வளவு பிடிக்கும் என்று தோன்றவில்லை.

இரண்டு, மழைநீர் வாய்க்கால். மேல் அகலம் 2 அடி, அடி அகலம் 1 அடி, ஆழம் 18 அங்குலம், நீளம் 40 அடி. விடை 1,080. என்ன அலகு என்றே தெரியவில்லை. இதில் "உயரம்" எது?

மூன்று, தலைப்பில் உள்ள தேக்குக் கட்டை. உருளை என்று போட்டால் 51.57 கன அடி. இதே அளவுக் கட்டைக்கு மரச் சீட்டில் 40.5 என்று எழுதியிருக்கிறது. 11 கன அடி எங்கே போனது?

பெகு கொத்து:

தொட்டியில் விட்டத்தையே ஆரமாகப் போட்டுவிட்டீர்கள். 3.14 × 3 × 3 × 4 = 113. ஆரம் ஒன்றரை அடி. 3.14 × 1.5 × 1.5 × 4 = 28.26 கன அடி. விட்டமும் ஆரமும் இடம் மாறினால் பிழை எப்போதும் சரியாக நாலு மடங்குதான், ஏனென்றால் ஆரம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. விடை நாலு மடங்கு வீங்கியிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

உள்விட்டம் எடுத்தது நல்லது. உறையின் சுவர் 2 அங்குலம் என்றால் வெளிவிட்டம் 3 அடி 4 அங்குலம். அதை வைத்துப் போட்டால் 34.9 வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஏறக்குறைய 6.6 கன அடி, தண்ணீர் அல்ல, கான்கிரீட். உறை வார்க்க எவ்வளவு கலவை வேண்டும் என்று கேட்டால் இந்தக் கழித்தல்தான் விடை. பிள்ளைக்கு அதையும் ஒரு கணக்காகக் கொடுங்கள். உறை முழு வட்டமாக இருக்காது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விட்டம் எடுத்துச் சராசரி போடுங்கள்.

வாய்க்காலைத் தூக்கி நட்டுவிடுங்கள், மனதில்தான். அது படுத்துக் கிடக்கும் பட்டகம். எந்த இடத்தில் குறுக்கே வெட்டினாலும் ஒரே வடிவம் எந்த முகத்தில் வருகிறதோ அதுதான் அடிப்பக்கம், இங்கே சரிவகம். சூத்திரத்தின் "உயரம்" 40 அடி நீளம். 18 அங்குலம் சரிவகத்தின் உயரம் மட்டுமே. இந்த இரண்டு உயரத்தில்தான் பிள்ளைகள் வழுக்குவது.

அங்குலத்தை அடியாக்குங்கள்: 1.5. பரப்பு (2 + 1) ÷ 2 × 1.5 = 2.25 சதுர அடி. அதை 40 ஆல் பெருக்க 90 கன அடி. உங்கள் 1,080-ஐ 12 ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 90 வரும். ஒரு அளவு மட்டும் அங்குலமாக நின்றுவிட்டது. மணல், மண்ணுக்கு இங்கே சொல்லும் ஒரு ஜின் 100 கன அடி, ஆகவே இது 0.9 ஜின். ஆனால் இது குழியின் அளவு. வெட்டிப் போட்ட மண் பொங்கும், சாதாரண மண் ஏறக்குறைய கால்பங்கு. லாரி பேசும்போது 90-ஐச் சொன்னால் மண் மிஞ்சும்.

மரக்கணக்கு:

கொத்து அண்ணன் விட்ட மூன்றாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு விடையும் சரி. ஒன்று கட்டையின் உண்மையான கன அளவு, மற்றது ஹாப்பஸ் அளவு.

உண்மையான அளவுக்கு விட்டம் தேவையில்லை. அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்பது நம் பழைய கணக்குதான். கட்டையை நாடாவால் சுற்றினால் கிடைப்பது சுற்றளவு மட்டும் என்பதால், சுற்றளவின் வர்க்கத்தை பையின் (π, 3.14) நாலு மடங்கால், அதாவது 12.57 ஆல், வகுப்பது சுலபம். 36 ÷ 12.57 = 2.865. அதை 18 ஆல் பெருக்க 51.57.

ஹாப்பஸ் முறையில் சுற்றளவை நாலாக மடித்து, அதைச் சதுரத்தின் பக்கமாக வைத்துக்கொள்வார்கள். 6 ÷ 4 = 1.5, 1.5 × 1.5 × 18 = 40.5. உருளையைச் சதுரப் பட்டகமாக்கிவிட்டார்கள். சுற்றளவு ஒன்றே என்றாலும் சதுரத்தின் பரப்பு வட்டத்தைவிடக் குறைவு; விகிதம் பையில் கால்பங்கு, 0.785. கட்டை சிறிதோ பெரிதோ, 21.5 சதவீதம் விழுந்தே தீரும். கட்டையைச் சதுரமாக அறுக்கும்போது போகும் புறப்பலகைக்கும் தூளுக்கும் ஈடாக இந்தத் தள்ளுபடி என்பார்கள். எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேய அளவர் 1736-இல் அட்டவணை போட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாத் தேக்குக்கு வந்து அப்படியே தங்கிவிட்டது. ஏமாற்று இல்லை, வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே முறையில் பேசினால்.

குழப்பம் டன்னில்தான் வரும். இது எடை அல்ல. உருட்டுக் கட்டைக்கு 50 ஹாப்பஸ் கன அடி ஒரு டன். அறுத்த மரத்துக்கு 50 உண்மையான கன அடி ஒரு டன். உங்கள் கட்டை 0.81 ஹாப்பஸ் டன். 51.57-ஐ 50 ஆல் வகுத்து "ஒரு டன்னுக்கு மேல்" என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு ஹாப்பஸ் டன்னுக்குள் 63.66 உண்மையான கன அடி இருக்கிறது.

அறுத்த பலகை சுத்தமான செவ்வகப் பட்டகம். 1 அங்குலம் × 6 அங்குலம் × 12 அடிப் பலகை ஒன்று அரைக் கன அடி. நூறு பலகை ஒரு டன். இதைப் பிள்ளை வாயாலேயே சொல்லிவிடும்.

அளக்கும்போது பட்டையை நீக்கி, நடு நீளத்தில், நாடாவைக் கட்டைக்குச் செங்குத்தாகச் சுற்றுங்கள். சாய்ந்தாலோ முடிச்சின் மேல் ஏறினாலோ சுற்றளவு கூடும். 72 அங்குலம் 73 ஆனால் 40.5 என்பது 41.6 ஆகிவிடும். ஒரு அங்குலம் தவறினால் ஒரு கன அடிக்கு மேல் மாறுகிறது.

யாங்கோன் சித்தப்பா:

தெளிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம். வாய்க்காலின் ஆழத்தைச் சாய்ந்த பக்கத்தோடு நாடா வைத்து அளந்தேன் என்றால்? அடுத்து, தண்ணீர் ஓட வேண்டுமே. ஒரு முனை 1 அடி, மறுமுனை 2 அடி ஆழம் வைத்தால் அது பட்டகமா?

பெகு கொத்து:

முதலாவது தவறு. சாய்வோடு அளந்தால் 1.5 அடி ஆழம் 1.58 ஆகிவிடும், கணக்கு 95 கன அடிக்குப் போகும். நடுவில் தூக்குக்குண்டு விட்டு நேர் ஆழம் எடுங்கள். சாய்ந்த உருளைக்கும் இதே சட்டம்: கேரம் காய்களை அடுக்கி லேசாகத் தள்ளினால் அடுக்கு சாயும், காய் கூடுவதில்லை. உயரம் என்றால் செங்குத்து உயரம்.

இரண்டாவது பட்டகம் அல்ல, குறுக்குவெட்டு மாறிக்கொண்டே போகிறது. அடி அகலமும் பக்கச் சாய்வும் மாறாமல் வெட்டினால் ஒரு முனைப் பரப்பு 1.33, மறுமுனை 3.33, நடுவில் 2.25 சதுர அடி. இரு முனைகளின் சராசரியை நீளத்தால் பெருக்கினால் 93.3, கொஞ்சம் அதிகம். முனைகளைக் கூட்டி, நடுவின் நாலு மடங்கைச் சேர்த்து, 6 ஆல் வகுத்து நீளத்தால் பெருக்குங்கள். 91.1 கன அடி, அதுதான் சரி.

மோல்மேன் டிரம்:

தொட்டியை கேலனில் சொல்லும்போது கவனம். இங்கே வழங்குவது 4.546 லிட்டர் கேலன். கன அடிக்கு 6.23. ஆகவே 28.26 கன அடித் தொட்டி 176 கேலன். இணையக் கணிப்பான்கள் பல அமெரிக்கக் கேலனில் 211 என்று காட்டும். லிட்டரில் போட்டால் இரண்டுக்கும் 800 தான்.

இன்னொன்று, 44 கேலன் டிரம்மைப் படுக்கப்போட்டுக் குச்சி விட்டு அளப்பவர்களுக்கு. நிற்கும் டிரம்மில் கால் உயரம் என்றால் 11 கேலன். படுத்த டிரம்மில் கால் உயரம் என்றால் 8.6 தான், ஏனென்றால் அடியில் வட்டம் ஒடுங்கியிருக்கிறது. பாதி உயரத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகும்.